பக்கற்றில் அச்சிடப்பட்ட தர்மம்

 



யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் குடியிருந்து, உரும்பிராய்ச் சந்திக்கு அருகில் பலசரக்குக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். பலாலி வீதியால் செல்லும்போது அவரது கடையில் சற்று அமர்ந்து செல்வது எனது வழக்கம். றமழானுக்குச் சில வாரங்கள் இருந்த நிலையில் ஒரு நாள் மாலை அங்கே அமர்ந்திருந்தேன். உயர்தரம் கற்கும் அவருடைய மகன் ஒரு பிஸ்கற் பக்கற்றை எடுத்து வந்து என் கையில் தந்தார். "மௌலவி, பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள்" என்றார். பாடசாலைச் சீருடை அணிந்த ஒரு சிறுமி சிரிக்கும் படம். அதன் கீழே, இந்தப் பக்கற்றை வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு வறிய பிள்ளையின் கல்விக்குக் கைகொடுக்கின்றார் என்னும் கருத்தில் ஒரு வசனம்.

அந்த இளைஞர் கேட்டார்: "இதை வாங்கினால் ஸதகாவின் நன்மை கிடைக்குமா? அல்லது இது வெறும் வியாபாரத் தந்திரமா?"

கல்லாவில் இருந்த தகப்பனார் இடைமறித்தார். "அந்த வசனம் போட்ட பிறகு சனம் கூட எடுக்குது மௌலவி. அது மட்டும் எனக்குத் தெரியும்."

ஒரு கேள்வியைப் பற்றி மகன் சிந்திக்கின்றார். அதன் விடையில் பாதியைத் தகப்பன் தம் விற்பனையில் கண்டிருக்கின்றார். அன்று நான் அவர்களுக்குக் கூறிய பதில் முழுமையானதன்று. பின்னர் தேடியும் வாசித்தும் அறிந்தவற்றைச் சேர்த்தே இன்று உங்களுடன் பேசுகின்றேன்.

நேயர்களே, பொருளை விற்பதையும் தர்மம் செய்வதையும் ஒரே கயிற்றில் கட்டும் இந்த முறை மிகப் பழையதொன்றல்ல. 1983ஆம் ஆண்டின் இறுதி மூன்று மாதங்களில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் கடனட்டை நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. நியூயோர்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திரதேவி சிலை பழுதடைந்திருந்த காலம் அது. தமது அட்டையை ஒருவர் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு சதமும், புதிதாக அட்டை பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு டொலரும் சிலையின் திருத்த வேலைக்கு வழங்கப்படும் என்றார்கள். 17 இலட்சம் டொலர் சேர்ந்தது. சிலைக்குப் பணம் கிடைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காலத்தில் அட்டையின் பாவனை, முந்திய ஆண்டின் அதே காலத்துடன் ஒப்பிடுகையில் 28 வீதம் உயர்ந்தது. அந்த நற்செயலை உலகுக்கு அறிவிப்பதற்காக அந்நிறுவனம் செலவிட்ட விளம்பரப் பணமோ, சிலைக்குக் கொடுத்த தொகையின் இரு மடங்கிற்கும் மேற்பட்டதாகும்.

இந்த ஒரு கணக்கை விளங்கிக்கொண்டால் போதும். இதன் பின்னர் உலகெங்கும் வந்தவையெல்லாம் இதன் பிள்ளைகளே.

அயல்நாடான இந்தியாவில் ஐ.டி.சி. நிறுவனம் 'கிளாஸ்மேட்' என்னும் அப்பியாசக் கொப்பிகளை 2003ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான்கு கொப்பிகள் விற்றால் ஒரு ரூபாய் கிராம அபிவிருத்தித் திட்டங்களுக்குச் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு கொப்பிக்கு 25 பைசா! கோடிக்கணக்கில் விற்கும்போது அது சிறிய தொகையன்று. பல பாடசாலைகளுக்குப் பயன்பட்டிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதே ஐ.டி.சி.தான் இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் உற்பத்தியாளர் என்பதைக் கொப்பியின் அட்டையில் எவரும் வாசிப்பதில்லை. நன்மையை அட்டையில் போடுவார்கள். மற்றதை வேறொரு பெட்டியில் விற்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கே.எப்.சி. நிறுவனம் இளஞ்சிவப்பு நிற வாளிகளில் பொரித்த கோழியை விற்றது. ஒவ்வொரு வாளிக்கும் 50 சதம் மார்பகப் புற்றுநோய்க்கான சூசன் ஜி. கோமன் அமைப்புக்குச் செல்லும் என்பது பிரசாரம். 42 இலட்சம் டொலருக்கு மேல் அந்த அமைப்புக்குக் கிடைத்தது. எண்ணெயில் பொரித்த உணவை விற்றுப் புற்றுநோயை ஒழிப்பதா என்று அப்போதே பலர் கேட்டனர். என் கவனம் அதில் இல்லை. சிறிய எழுத்துகளில் அவர்கள் எழுதியிருந்த ஒரு நிபந்தனையிலேயே என் கவனம் நின்றது. அந்த 50 சதம் என்பது, கடைகளை நடத்துவோர் நிறுவனத்திடம் கொள்வனவு செய்யும் வெற்று வாளிகளுக்கானது. வாடிக்கையாளர் எத்தனை வாளி வாங்கினாலும் நன்கொடைத் தொகை அதனால் நேரடியாக அதிகரிக்கமாட்டாது என்பதே அதன் கருத்து. ஒரு தாய் தன் பிள்ளைகளுடன் வரிசையில் நின்று, நோயுற்ற ஒரு சகோதரிக்கு உதவுகின்றேன் என்ற நிறைவோடு அந்த வாளியை வாங்கிச் சென்றிருப்பாள். அவளுடைய பணத்தில் ஒரு சதமேனும் அதன் காரணமாக மேலதிகமாக அங்கே செல்லவில்லை. நிறுவனம் பொய் சொல்லவில்லை, எழுதித்தான் இருந்தது. அவள்தான் வாசிக்கவில்லை. நம்மில் யார் வாசிக்கின்றோம்?

இனி, அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். அது உண்மையில் இரண்டு கேள்விகள். கம்பனியின் எண்ணம் தூய்மையானதா என்பது ஒன்று. வாங்குகின்ற எனக்கு அது ஸதகாவாகுமா என்பது மற்றொன்று. நாம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே சூடாக விவாதிக்கின்றோம். இரண்டாவதை விட்டுவிடுகின்றோம். நமக்குரியதோ இரண்டாவதுதான்.

எண்ணம் என்பது உள்ளத்தில் இருப்பது. கம்பனிக்கு உள்ளம் இல்லை. அதற்குப் பதிவிலக்கம் உண்டு, பணிப்பாளர் சபை உண்டு, இலாபத்தை எதிர்பார்க்கும் பங்குதாரர்கள் உண்டு. அங்கே பணிபுரியும் மனிதர்களுக்கு உள்ளம் உண்டு; அவர்களுள் இக்லாஸோடு இத்தகைய திட்டத்தை முன்வைப்பவரும் இருக்கலாம், விற்பனை உயரட்டும் என்று மட்டும் கருதுபவரும் இருக்கலாம். அவ்வுள்ளங்களைப் பிளந்து பார்க்கும் பொறுப்பு நமக்குத் தரப்படவில்லை. கொடையாளி என்று மனிதர்கள் புகழ வேண்டும் என்பதற்காகவே வழங்கியவன் மறுமையில் முதலாவதாக விசாரிக்கப்படும் மூவரில் ஒருவன் என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. அந்த விசாரணை அல்லாஹ்வின் சந்நிதானத்தில் நடைபெறுவது. நாம் அதன் நீதிபதிகள் அல்லர்.

பகிரங்கமாகக் கொடுப்பதெல்லாம் முகஸ்துதி என்று கூறுவதற்கும் நமக்கு அனுமதி இல்லை. ஸூரா அல்பகராவின் 271ஆவது வசனம் வெளிப்படையான தர்மத்தையும் நல்லதென்றே ஏற்கின்றது. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதை அதைவிடச் சிறந்ததெனக் கூறுகின்றது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. முழர் கோத்திரத்தைச் சேர்ந்த மக்கள் காலில் செருப்பின்றி, கிழிந்த கம்பளித் துணியைப் போர்த்தியவர்களாக மதீனாவுக்கு வந்தனர். அவர்களுடைய வறுமையைக் கண்ட நபியவர்களின் முகம் மாறியது. தொழுகையின் பின்னர் மக்களைத் தர்மம் செய்யத் தூண்டினார்கள். அன்ஸாரி ஒருவர், கை தாங்க முடியாத அளவு கனமான ஒரு பையைச் சுமந்து வந்து எல்லோர் முன்னிலையிலும் வைத்தார். அதைக் கண்டு மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்தார்கள். உணவு ஒரு குவியல், உடை ஒரு குவியல். நபியவர்களின் முகம் பிரகாசித்தது. ஒரு நல்ல வழியைத் தொடக்கிவைத்தவருக்கு அதனைப் பின்பற்றியவர்களின் கூலியிலும் பங்குண்டு என்னும் கருத்தை அவர்கள் அப்போதே கூறினார்கள்.

அந்த அன்ஸாரி மறைவாகக் கொடுத்திருந்தால் அந்த இரண்டு குவியல்கள் உருவாகியிருக்குமா? ஆனால் அவர் ஒன்றையும் விற்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு நிகரான ஒன்றை நமது மண்ணிலேயே நாம் கண்டோம். உரும்பிராயிலிருந்து தெல்லிப்பழை வெகு தூரமில்லை. அங்கே ஆதார வைத்தியசாலை வளாகத்தில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலை எவ்வாறு எழுந்தது என்பது இளைஞர்களாகிய உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். ஆடைத் தொழிற்றுறையில் மாஸ் நிறுவனத்தில் பணியாற்றிய நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இரு நண்பர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்கள். சுமார் 670 கிலோமீற்றர், 27 நாட்கள். வழியெங்கும் மக்கள் சேர்ந்து நடந்தனர், காசு கொடுத்தனர். 2013ஆம் ஆண்டில் வைத்தியசாலை திறக்கப்பட்டது. மகரகமவுக்குப் பேருந்திலும் புகையிரதத்திலும் அலைய வேண்டியிருந்த எத்தனையோ நோயாளிகள் வீட்டுக்கு அருகிலேயே சிகிச்சை பெறும் வாய்ப்பு உண்டாகியது. பின்னர் 2016ஆம் ஆண்டில் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டியவில் இதே பணிக்காக நிதி திரட்டினார்கள். கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் அதில் முன்னின்றார்.

அந்த நடைபயணத்திலும் நிறுவனங்கள் பங்குகொண்டன. அவற்றின் பெயர்களும் பலரின் கண்ணில் பட்டன. அதனால் அவற்றுக்கு நற்பெயர் கிடைத்திருக்கும்; கிடைக்கட்டும். ஆனால் கொடுத்தவர் கொடுத்தார். கொடுத்ததற்குப் பதிலாக அவருக்குச் சவர்க்காரமோ பிஸ்கற்றோ கிடைக்கவில்லை. கால் வலி கிடைத்தது. எதற்காகச் சேர்த்தார்களோ அது இன்று சுவரும் கூரையுமாக நிற்கின்றது. சென்று பார்க்கலாம்.

நமது நாட்டில் டில்மா தேயிலையின் ஸ்தாபகர், 2023ஆம் ஆண்டில் காலமான மெரில் ஜே. பெர்னாண்டோ, வேறொரு வழியைக் கைக்கொண்டார். இலாபத்தில் ஒரு பங்கைத் தமது பெயரிலான அறக்கட்டளைக்கு ஒதுக்கினார். ஒரு பெட்டிக்கு இத்தனை சதம் என்பதன்று. வருட இலாபத்தில் ஒரு பங்கு. அதையும் தமது தேயிலையின் புகழோடு சேர்த்தே சொன்னார்கள் என்பது உண்மைதான். ஆனாலும், நீ வாங்கினால்தான் ஏழைக்குக் கொடுப்பேன் என்று வாங்குபவரின் மனச்சாட்சியைப் பிடித்து இழுக்காத முறை அது. இந்தியாவிலோ, 2013ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம் பெரிய கம்பனிகள் தமது சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்துவிட்டது. எனவே அங்கே ஒரு நிறுவனம் தன் தாராள மனத்தைப் பற்றி விளம்பரம் செய்யும்போது, அது மனமா சட்டமா என்று கேட்டுப்பார்ப்பதில் தவறில்லை.

இப்போது மார்க்கச் சட்டத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். பிஸ்கற் பக்கற்றுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் பிஸ்கற்றின் விலை. அது கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தம், தர்மம் அன்று. அதிலிருந்து கம்பனி தனக்குச் சொந்தமாகிவிட்ட பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால், அக்கொடை கம்பனிக்குரியது. ஸகாத்தைப் பொறுத்தவரை இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஸகாத்துக்கு நிய்யத் வேண்டும்; ஸூரா அத்தவ்பாவின் 60ஆவது வசனம் கூறும் எட்டுப் பிரிவினருள் ஒருவரிடம் அது சேர வேண்டும். கடையில் பொருள் வாங்கி ஸகாத் நிறைவேறாது. ஸதகாவைப் பொறுத்தவரை, சமமான தரமும் விலையும் உள்ள இரண்டு பொருட்களில் ஏழைக்கு ஏதேனும் போய்ச் சேரும் ஒன்றைத் தெரிவுசெய்கின்றேன் என்று ஒருவர் எண்ணினால், அந்த நல்லெண்ணத்துக்கு அல்லாஹ்விடம் கூலியை ஆதரவு வைக்கலாம். அதற்கு மேல் அதை நீட்ட என் அறிவு இடம் தரவில்லை.

அச்சிடப்பட்ட வசனம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதிக்கு அளவு வேண்டும். "ஒரு பங்கு" என்றால் எவ்வளவு? பாதியா, நூறில் ஒன்றா? "உதவுகின்றீர்கள்" என்றால் யாருக்கு, எந்த ஊரில், எந்த அமைப்பின் மூலம்? எந்தத் திகதி வரை? இத்தனை இலட்சத்துக்கு மேல் கொடுக்கமாட்டோம் என்ற எல்லை இருக்கின்றதா? கொடுத்து முடித்த பின் கணக்கை யார் பார்த்தார்கள்? ஐந்து கிலோ அரிசி வாங்கும்போது தராசின் முள்ளைப் பார்க்கும் நாம், தர்மத்தின் பெயரால் விற்கப்படும் பொருளில் மாத்திரம் கண்ணை மூடிக்கொள்வது ஏன்? இவற்றைக் கேட்பது கம்பனியைச் சந்தேகிப்பதாகாது. நேர்மையாகச் செய்பவருக்கு இக்கேள்விகளால் ஒரு நட்டமும் இல்லை.

வாங்குபவரைப் பற்றியும் கொடுப்பவரைப் பற்றியும் பேசிவிட்டோம். பெறுபவரைப் பற்றி நான் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுள் எனது குடும்பமும் ஒன்று. அதன் பின்னர் புத்தளத்து முகாமொன்றில் கிடுகுக் கொட்டிலில் நான் பிறந்தேன். எனக்குப் பத்து வயதளவில் ஒரு கம்பனி எங்கள் முகாமுக்குப் பாடசாலைப் பைகள் கொண்டுவந்தது. பையின் பின்புறம் முழுவதும் கம்பனியின் பெயர். எங்களை வரிசையாக நிறுத்தி, பையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். ஒரு தடவை எடுத்தது சரியில்லை என்று, கொடுத்த பையைத் திரும்ப வாங்கி, மீண்டும் கொடுத்து எடுத்தார்கள். இரண்டாந்தடவை சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரித்தேன். சில மாதங்களில் அந்தப் படம் ஒரு நாட்காட்டியில் வந்தது. முகாமுக்கு வெளியே இருந்த என் வகுப்பு மாணவர்கள் அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலைக்குச் சென்றுவந்த என் தாயார் அன்றிரவு பழைய கறுப்புத் துணியொன்றை வெட்டி, அந்தப் பெயரின் மேல் வைத்துத் தைத்துத் தந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான்கு வருடங்கள் அந்தப் பையைச் சுமந்தேன். நல்ல பைதான், மழையில் கொப்பி நனையவில்லை. அதற்காக இன்றும் அவர்களுக்கு நன்றி கூறுகின்றேன். ஆயினும் தர்மத்துக்குப் பின்னால் நோவினையைத் தொடரவிட வேண்டாமென்று ஸூரா அல்பகராவின் 264ஆவது வசனம் எச்சரிப்பதை அரபுக் கல்லூரியில் ஓதியபோது, உஸ்தாத் விளக்கம் கூறும் முன்னரே எனக்கு விளங்கிவிட்டது.

அதே புத்தளத்தில், நாங்கள் வந்திறங்கிய முதல் நாட்களில் தங்கள் அடுப்பில் எங்களுக்கும் சோறாக்கித் தந்த மனிதர்கள் இருந்தார்கள். தங்கள் காணியிலே கொட்டில் போட இடந்தந்தார்கள். அவர்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். அவர்களுள் சிலரின் பெயரை என் தாயாருக்கு இன்றும் தெரியாது. துஆவில், "அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரர்" என்றுதான் குறிப்பிடுவார்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் பக்கற்றைக் கொடுத்து "இதை வாங்கினால் ஏழைக்கு உதவுகின்றோம்" என்று சொல்லும்போது, கொடுப்பதென்றால் தன்னிடமிருந்து ஒன்றும் குறையாமல் நடப்பது என்று அது விளங்கிக்கொள்கின்றது. இனிப்பும் கிடைக்கும், நன்மையும் கிடைக்கும்! தன் கைச்செலவுக் காசிலிருந்து இருபது ரூபாவை எடுத்து உண்டியலில் போடும் பிள்ளைக்கு அந்த இருபது ரூபா இல்லாமற் போவது தெரியும். அந்த இழப்பை அறியாத பிள்ளை வளர்ந்து ஸகாத்துக் கணக்குப் பார்க்கும்போது, நூற்றுக்கு இரண்டரை என்பது அதற்கு மலையளவாகத் தெரியக்கூடும்.

உரும்பிராய்க் கடையில் அன்று நான் அந்த இளைஞருக்கு இவ்வளவையும் கூறவில்லை. பக்கற்றில் தொலைபேசி இலக்கம் இருக்கின்றதே, அழைத்துக் கேளுங்கள் என்று மாத்திரம் கூறினேன். "விற்பதை நிறுத்த வேண்டுமா?" என்று தகப்பனார் கவலையோடு கேட்டார். பொருள் ஹலாலானது, விலை தெரிந்தது, வியாபாரம் கூடும். தாராளமாக விற்கலாம் என்றேன்.

மகன் மறுநாளே அழைத்திருக்கின்றார். மறுமுனையில் பேசிய பெண் மிக மரியாதையாகப் பதிலளித்தாராம். அந்தத் திட்டம் முடிவடைந்து இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. குறித்த தொகை உரிய அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. பழைய உறையில் பொதிசெய்யப்பட்டவை கடைகளில் இன்னும் இருக்கக்கூடும் என்பதே பதில். ஒப்படைத்த தொகை எவ்வளவு என்று கேட்டதற்கு, அது தமக்குத் தெரியாதென்றும் மின்னஞ்சலில் விண்ணப்பிக்கலாமென்றும் கூறியிருக்கின்றார்.

அடுத்த முறை நான் சென்றபோது அந்தப் பக்கற்றுகள் அதே தட்டில் இருந்தன. ஒரு தாய் தன் சிறுவனுடன் வந்து அதில் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தை வாசித்துவிட்டு, இன்னும் இரண்டை எடுத்தார். கல்லாவில் இருந்த சகோதரர் காசை வாங்குவதற்கு முன்னர், "அந்தத் திட்டம் முடிஞ்சுது அம்மா, பிஸ்கற்றுக்காக எண்டால் எடுங்கோ" என்றார். அந்தப் பெண்மணி சற்று யோசித்தார். இரண்டைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றை மாத்திரம் வாங்கிச் சென்றார்.